ஐம்பது டாலர் ஊசி

விழியின் வரலாறு – 23

2005-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அமெரிக்காவின் மயாமி நகரில் இருக்கும் பாஸ்கம் பால்மர் கண் மருத்துவ நிலையம். விழித்திரை மருத்துவர் பிலிப் ரோசன்ஃபெல்டிடம் வந்திருந்த ஒரு நோயாளிக்கு மூப்பினால் வரும் மாகுலா சிதைவு, அதிலும் ஈர வகை. சில மாதங்களுக்கு முன்புதான் சந்தைக்கு வந்திருந்த மாகுஜென் என்ற மருந்தைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தாயிற்று; கேட்கவில்லை. ரோசன்ஃபெல்ட் வேறொரு குப்பியைக் கையில் எடுத்தார். அதன் பெயர் அவாஸ்டின். பெருங்குடல் புற்றுநோய்க்காக நாளத்தில் ஏற்றப்படும் மருந்து. கண்ணுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று எந்த அரசும் அனுமதி கொடுத்திருக்கவில்லை.

அந்தக் குப்பியிலிருந்து 1 மில்லிகிராம் மட்டும் பிரித்தெடுத்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். ஒரு வாரம் கழித்து ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, விழித்திரைக்கு அடியில் தேங்கியிருந்த நீர் வற்றியிருந்தது. அந்த ஊசிக்கான மருந்துச் செலவு சுமார் 50 டாலர்.

வேறு எந்தத் துறையிலும் இது நல்ல செய்தியாக வந்து போயிருக்கும். இங்கே ஆறு ஆண்டு நீடித்த ஒரு வழக்கின் தொடக்கமாக அமைந்தது. நீதிமன்றத்துக்குப் போனது பின்னால்தான். முதலில் அது மருத்துவர்களுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. அதைப் புரிந்துகொள்ள, ரோசன்ஃபெல்டின் கைக்கு அந்தக் குப்பி எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சூட்டுக்கோல் காலம்

நோயின் போக்கைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். விழித்திரையின் நட்ட நடுவில் இருக்கும் சிறு பகுதி மாகுலா. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதன் வேலை. அதற்குப் பின்னால் நிறமிச் செல்களின் ஒற்றை வரிசை. அதற்கும் பின்னால் புரூக் சவ்வு. அதையும் தாண்டினால் ரத்த நாளங்கள் நிறைந்த கோராய்டு படலம். வயதாக ஆகச் சவ்வின் மேல் டிரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகள் சேர்கின்றன. சிலருக்கு மாகுலா மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறது. இது உலர் வகை. வேறு சிலருக்குக் கோராய்டிலிருந்து புதிய நாளங்கள் சவ்வைத் துளைத்துக்கொண்டு முளைக்கின்றன. வலுவில்லாத நாளங்கள். நீர் கசியும், ரத்தம் கசியும். கதவின் நிலை வளைந்து தெரியும். சில மாதங்களில் பார்வையின் நடுவில் கருந்திட்டு விழுந்துவிடும். இது ஈர வகை.

லேசரால் இந்த நாளங்களைச் சுட்டுப் பொசுக்கிய 1980-களைச் சென்ற பகுதியில் பார்த்தோம். நாளம் மாகுலாவின் மையத்துக்கு வெளியே இருந்தால் சுடலாம். மையத்திலேயே இருந்தால் நாளத்தோடு பார்வையும் சேர்ந்து பொசுங்கும். 2000-இல் ஒளியால் தூண்டப்படும் வெர்டெபோர்ஃபின் மருந்து வந்தது. சுற்றுப்புறத்தை அதிகம் சேதப்படுத்தாமல் நாளத்தை அடைத்தது. இழப்பின் வேகத்தைக் குறைத்தது. இழந்த பார்வையை மீட்டுத் தருகிற சிகிச்சை என்று ஒன்று அதுவரை இல்லை.

இவை அனைத்தும் முளைத்த நாளத்தை அழிக்கும் வழிகள். நாளத்தை முளைக்கச் சொல்வது யார் என்ற கேள்வி வேறு இடத்தில், வேறு ஆட்களால் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது.

மைக்கேல்சனின் ‘எக்ஸ்’

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன், வளரும் விழித்திரையில் ரத்த நாளங்கள் எப்படிப் படர்கின்றன என்று ஆராய்ந்தவர். தமனிகளை ஒட்டி நுண்நாளங்கள் இல்லாத ஒரு வெற்றிடம் இருப்பதையும், சிரைகளின் பக்கம் அவை நெருக்கமாக வளர்வதையும் கவனித்தார். தமனியில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். அப்படியானால் ஆக்சிஜன் குறைந்த இடத்திலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிந்து பரவி, நாளங்களை அழைக்க வேண்டும். 1948-இல் இதைக் கருதுகோளாக முன்வைத்தார். அது என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. பின்னாளில் அதற்கு ‘காரணி எக்ஸ்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதே கேள்வியைப் புற்றுநோய்ப் பக்கத்திலிருந்து கேட்டவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். புதிய ரத்த நாளங்களை வரவழைக்காமல் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. நாளங்களைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-இல் எழுதினார். சக விஞ்ஞானிகளில் பலர் பல ஆண்டுகள் இதை நம்பவில்லை.

1983-இல், பாஸ்டனிலேயே ஹரால்ட் டுவோராக்கும் டொனால்ட் செங்கரும் கட்டிகள் சுரக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ரத்த நாளங்களைக் கசிய வைத்தது. 1989-இல் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில், சிசிலியிலிருந்து வந்திருந்த நப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பிச் செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது ரத்த நாளங்களை முளைக்க வைத்தது. டுவோராக்கின் புரதத்தை மான்சான்டோ நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரு தரப்பும் தத்தம் புரதத்தின் மரபணு வரிசையை அதே ஆண்டு டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் அடுத்தடுத்து வெளியிட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது: கசிய வைத்ததும் முளைக்க வைத்ததும் ஒரே புரதம். இன்று உலகம் அதை வி.ஈ.ஜி.எஃப். என்று அழைக்கிறது.

ஈர வகை மாகுலா சிதைவில் நடப்பதும் இந்த இரண்டும்தான்: நாளம் முளைப்பது, முளைத்தது கசிவது. 1994-இல் லாயிட் பால் ஐயெல்லோவும் குழுவினரும் சர்க்கரை நோயால் விழித்திரையில் புது நாளம் முளைத்தவர்களின் கண்நீரை எடுத்துச் சோதித்தபோது வி.ஈ.ஜி.எஃப். மிகுதியாக இருந்தது. புரதத்தைத் தடுத்தால் குரங்கின் கருவிழிப்படலத்தில் புது நாளம் முளைப்பதில்லை என்று 1996-இல் அந்தோனி அடாமிஸ் குழு காட்டியது. மைக்கேல்சனின் எக்ஸ் எதுவென்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது.

ஒரு தாய், இரண்டு பிள்ளைகள்

ஃபெராராவின் ஆய்வகம் வி.ஈ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை எலியில் உருவாக்கியது. 1993-இல் அது சுண்டெலிகளில் மனிதக் கட்டிகளின் வளர்ச்சியைத் தடுத்துக் காட்டியது. எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அந்நியமாகப் பார்க்கும் என்பதால் அதை மனிதத் தன்மைக்கு மாற்றியமைத்தார்கள். அந்த ஒரே மூலத்திலிருந்து இரண்டு மருந்துகள் வந்தன.

எதிர்ப்பொருளின் உருவம் ஏறத்தாழ உண்டிவில் கவட்டை. இரண்டு கைகளும் இலக்கைப் பிடிக்கும். அடித்தண்டுக்கு வேறு வேலைகள். கவட்டையை முழுசாக வைத்துக்கொண்டால் அவாஸ்டின், வேதிப்பெயர் பெவாசிசுமாப். ஒரு கையை மட்டும் எடுத்து, பிடிமானத்தைக் கூட்டிச் செதுக்கினால் லூசென்டிஸ், வேதிப்பெயர் ரனிபிசுமாப். முன்னதன் எடை சுமார் 149 கிலோடால்டன், பின்னது 48.

கண்ணுக்கு ஏன் துண்டு? ஜெனன்டெக்கிடம் காரணங்கள் இருந்தன. முழு நீள எதிர்ப்பொருள் ஒன்றைக் குரங்கின் கண்ணில் செலுத்திய சோதனையில் அது விழித்திரையை ஊடுருவவில்லை. துண்டு ஊடுருவும். ரத்தத்தில் கலந்தாலும் சீக்கிரம் வெளியேறிவிடும். முதியவர்களின் இதயத்துக்கு அது நல்லது. அடித்தண்டு இல்லாததால் அழற்சிக்கும் வாய்ப்புக் குறைவு. ஆகவே, 2004 பிப்ரவரியில் அவாஸ்டின் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றபோது, லூசென்டிஸ் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருந்தது.

அந்தச் சோதனையை நடத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ரோசன்ஃபெல்ட். துண்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். சோதனையில் சேர முடியாத நோயாளிகள் வாசலில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அனுமதி வரும்வரை பார்வை நிற்காது. முழு மருந்தோ மருந்துக்கடையில் கிடைக்கிறது.

முதலில் அவர் கண்ணைத் தொடவில்லை. 9 நோயாளிகளுக்கு அவாஸ்டினைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுப்பதுபோலவே கையின் நாளத்தில் ஏற்றினார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம். கசிவு குறைந்தது, பார்வை கூடியது. ரத்த அழுத்தமும் கூடியது. முதியவர்களுக்கு அந்த ஆபத்து வேண்டாதது, செலவும் அதிகம். 70 கிலோ மனிதருக்கு 350 மில்லிகிராம். அதையே நேராகக் கண்ணுக்குள் வைத்தால் 1 மில்லிகிராம் போதும். முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்குதான் இக்கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த ஊசி.

2005 ஜூலையில் மான்ட்ரியலில் நடந்த விழித்திரை மருத்துவர்கள் கூட்டத்தில் முடிவைச் சொன்னார்கள். விழித்திரையை ஊடுருவாது என்று சொல்லப்பட்ட மூலக்கூறு வேலை செய்திருந்தது. கூட்டத்திலிருந்து ஊர் திரும்பிய மருத்துவர்கள் மருந்துக் குப்பியைத் தேடினார்கள். மறு ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பில் 12 நாடுகள், 70 மையங்கள், 5,228 நோயாளிகள், 7,113 ஊசிகள் பதிவாகியிருந்தன. எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யாத, எந்த அரசும் அனுமதிக்காத ஒரு சிகிச்சை ஓராண்டுக்குள் இவ்வளவு தூரம் பரவியிருந்தது.

2,000 டாலர்

2006 ஜூன் 30 அன்று லூசென்டிஸுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. அக்டோபரில் அதன் சோதனை முடிவுகள் வெளியாயின. மரினா என்ற சோதனையில் 716 பேர். மாதம் ஓர் ஊசி. ஓராண்டு முடிவில், ஊசி போட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக 10.4 எழுத்துகளை இழந்திருந்தார்கள். அரை மில்லிகிராம் மருந்து பெற்றவர்கள் 7.2 எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். மூவரில் ஒருவருக்கு 15 எழுத்து அல்லது அதற்கும் மேல் ஏற்றம். ஓட்டோ ஹாப் இந்நோய்க்குப் பெயர் வைத்த 1885 தொட்டு இப்படியொரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? அதே பிலிப் ரோசன்ஃபெல்ட்.

விலை: ஊசி ஒன்றுக்குச் சுமார் 2,000 டாலர். மாதம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 24,000.

இப்போது மருத்துவர் முன் இரண்டு பாதைகள். ஒரு பக்கம், நூற்றுக்கணக்கானோரிடம் முறையாகச் சோதிக்கப்பட்ட 2,000 டாலர் மருந்து. மறு பக்கம், ஆயிரக்கணக்கானோரிடம் போடப்பட்டும் முறையாகச் சோதிக்கப்படாத 50 டாலர் மருந்து. இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்று, தயாரிப்பாளர் ஒருவர். அவாஸ்டினின் மிகச் சிறிய குப்பியில் 4 மில்லிலிட்டர் இருக்கும். கண்ணுக்குத் தேவை 0.05 மில்லிலிட்டர். மருந்தகங்கள் ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளில் பிரித்து நிரப்பி விற்றன.

கண்ணுக்கென்று செய்யாத மருந்தை, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே பிரித்து நிரப்புவது பாதுகாப்பல்ல என்றது ஜெனன்டெக். 2007 அக்டோபரில், இத்தகைய மருந்தகங்களுக்கு அவாஸ்டினை நேரடியாக விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கண் மருத்துவர் சங்கங்கள் கொதித்தன. செனட்டர் ஹெர்ப் கோல் விளக்கம் கேட்டார். ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஏற்பட்டது: மருத்துவர் தானே மருந்தை வாங்கி, தான் விரும்பும் மருந்தகத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.

ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. இரண்டும் சமமா? இதற்கு விடை காண ஒரே வழி, இரண்டையும் ஒரே சோதனையில் மோதவிடுவது. ஜெனன்டெக் அதைச் செய்ய எந்த முகாந்திரமும் இல்லை. மலிவு மருந்து தோற்றால் நிறுவனத்துக்குப் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம். வென்றால் போவது ஏராளம். போட்டி நிறுவனங்களுக்கும் இன்னொருவரின் பழைய குப்பிக்காகச் செலவழிக்கக் காரணமில்லை. அனுமதி முறையோ, விற்க விரும்புகிறவர் சோதனை முடிவோடு வந்து கேட்கட்டும் என்ற அடிப்படையில் அமைந்தது. விற்க விரும்பாத பயன்பாட்டுக்காக யாரும் வந்து கேட்க மாட்டார்கள். நோயாளிக்கு மிகவும் தேவையான சோதனை, சந்தையில் எவருக்கும் தேவைப்படாத சோதனையாகிவிட்டது.

அரசு நடத்திய போட்டி

பணம் கொடுக்க முன்வந்தது அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம். சோதனையின் பெயர் கேட். தலைவர் டேனியல் மார்ட்டின். புள்ளியியல் பொறுப்பு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாரீன் மக்வையரிடம். 2008 பிப்ரவரியில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1,208 பேர் சேர்ந்தார்கள். நான்கு குழுக்கள்: ஒவ்வொரு மருந்தும் மாதாமாதம், அல்லது கசிவு தெரிந்தால் மட்டும்.

அரசு நடத்தினாலும் சிக்கல் தீரவில்லை. யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பது இத்தகைய சோதனையின் பாலபாடம். லூசென்டிஸுக்கான செலவு காப்பீட்டின் வழியே போனது. அவாஸ்டினைச் சோதனைக் குழுவே கொடுத்தது. காப்பீட்டு ரசீதில் மருந்தின் பெயர் இருந்தால் லூசென்டிஸ், இல்லாவிட்டால் மற்றது! சிலர் தபாலைப் பிரித்தே ஊகித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கட்டுரையிலேயே பதிவு செய்தார்கள். பார்வையை அளந்த பணியாளர்களுக்கு மட்டும் இறுதிவரை தெரியாதபடி காத்தார்கள்.

முடிவு 2011-இல் வெளிவந்தது. மாதாமாதம் ஊசி பெற்றவர்களில் லூசென்டிஸ் 8.5 எழுத்துகளையும், அவாஸ்டின் 8.0 எழுத்துகளையும் மீட்டுத் தந்திருந்தன. புள்ளியியல் கணக்கில் இரண்டும் சமம். முதல் ஆண்டு மருந்துச் செலவு ஒரு நோயாளிக்குச் சராசரியாக லூசென்டிஸுக்கு 23,400 டாலர், அவாஸ்டினுக்கு 595 டாலர்.

வெற்றிக்கொடி நாட்டுமுன் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான உடல்நலப் பாதிப்புகள் அவாஸ்டின் பெற்றவர்களில் 24.1 சதவீதம், லூசென்டிஸ் பெற்றவர்களில் 19.0 சதவீதம். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் வேறுபாடு தெரியவில்லை. கூடுதல் பாதிப்புகளும் இம்மருந்தோடு வழக்கமாகத் தொடர்புபடுத்தப்படுகிற வகையைச் சேர்ந்தவையாக இல்லை. எனவே பெரும்பாலான மருத்துவர்கள் அதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உஷா சக்ரவர்த்தி தலைமையில், 610 பேரிடம் பொதுப் பணத்தில் நடந்த ஐவன் சோதனையும் பார்வையைப் பொறுத்தவரை இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே என்றது. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலின் கண் பகுதியில் சேர்த்தது பெவாசிசுமாபைத்தான்.

தீர்ப்புக்குப் பின்

பிரித்து நிரப்புவதில் ஆபத்து உண்டு என்று நிறுவனம் சொன்னது வெறும் சாக்கு இல்லை. 2011-இல் ஃப்ளோரிடாவில் ஒரே மருந்தகத்திலிருந்து போன சிரிஞ்சுகளில் கிருமி கலந்து, குறைந்தது 12 பேரின் கண்கள் பாதிக்கப்பட்டன. இந்தியாவிலும் 2016 ஜனவரியில், குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிலரின் கண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதையடுத்து, கண்ணுக்கு இம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். விழித்திரை மருத்துவர்கள் முறையிட்டார்கள். ஏழை நோயாளிக்கு வேறு மருந்து எது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மார்ச்சில் அந்த எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அகமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் ரனிபிசுமாபின் மலிவு விலை நகலை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது.

இத்தாலியில் கதை வேறு திசையில் போனது. ஜெனன்டெக்கின் உரிமையாளர் ரோஷ். அமெரிக்காவுக்கு வெளியே லூசென்டிஸை விற்பது நோவார்டிஸ். இவ்விரண்டும் கூட்டுச் சேர்ந்து அவாஸ்டினின் ஆபத்தை மிகைப்படுத்தி மருத்துவர்களை விலையுயர்ந்த மருந்தின் பக்கம் தள்ளின என்று சொல்லி, 2014-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் மொத்தம் 18.25 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மறுத்தன, மேல்முறையீடு செய்தன. 2019-இல் இத்தாலியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது.

இதற்கிடையில் வரிசை நீண்டுவிட்டது. 2011-இல் ஐலியா என்ற பெயரில் அஃப்ளிபெர்செப்ட், 2022-இல் ஃபாரிசிமாப். ஊசிகளுக்கு இடையிலான இடைவெளி நான்கு வாரத்திலிருந்து பலருக்குப் பன்னிரண்டு, பதினாறு வாரமாக நீண்டது. கண்ணுக்கென்றே தயாரிக்கப்பட்ட பெவாசிசுமாபுக்கு ஐரோப்பா அனுமதி கொடுத்தது 2024-இல், மயாமி ஊசிக்கு 19 ஆண்டுகள் கழித்து.

இந்த ஊசிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை ஒன்று: வி.ஈ.ஜி.எஃப்.-ஐக் கட்டிப்போடுகின்றன. மருந்து தீர்ந்ததும் புரதம் திரும்புகிறது, அதனால்தான் நோயாளியும் ஊசிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. புரதத்தைச் சுரக்கவைக்கும் மூலக் கோளாறு தொடப்படவே இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருக்கும் உலர் வகையில் கட்டிப்போடப் புது நாளமே கிடையாது.

மூலக் கோளாறு எது? மயாமியில் அந்த ஊசி போடப்பட்டதற்குச் சில மாதங்கள் முன்பு, 2005 மார்ச்சில், மூன்று குழுக்கள் தனித்தனியே தேடி ஒரே மரபணுவின் முன் வந்து நின்றன. கண்ணோடு யாரும் அதுவரை பெரிதாகத் தொடர்புபடுத்தியிராத நோயெதிர்ப்பு மரபணு அது. 96 நோயாளிகளையும் நோயில்லாத 50 பேரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மனித மரபணுத் தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சலித்து, ஜோசஃபின் ஹோ குழு அதை எப்படிப் பிடித்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)